எண்பத்து மூன்று யூரோ

மீன் வெட்டும் கூடத்தில் ஒரு உறை கை மாறி வந்தது.
எண்பத்து மூன்று யூரோ,
கூடவே ஒரு போலந்து நாணயம், யார் போட்டதோ.
டெர்வ்லாவுக்குக் கல்யாணம், பக்தியாய் ஏதாவது வாங்கு
என்று என்னிடம் கொடுத்தார்கள்.
பூசைக்குப் போய்ப் பதினோரு வருடமான என்னிடம்.
"உனக்குத்தான் எதன்மேலும் மயக்கமில்லை,
ஏமாறாமல் வாங்குவாய்" என்றாள் கொன்செப்டா,
செதிள் ஒட்டிய கையுறையோடு.

கில்லிபெக்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி
நாக் போய்ச் சேர்ந்தேன்.
கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் தெரு.
வாசலெங்கும் பிளாஸ்டிக் கன்னிமரியாள்கள்.
நீலக் கிரீடத்தைத் திருகினால் உள்ளே தீர்த்தம் ஊற்றலாம்.

பச்சைக் கல் செபமாலை எடுத்தேன், வைத்தேன்.
அவளிடம் மூன்று இருக்கின்றன:
முதல் நற்கருணைக்கு வந்தது,
அப்பாவின் விரல்களிலிருந்து கழற்றியது,
காரின் கண்ணாடியில் ஆடுவது.

பாடுபட்ட சுரூபம், கட்டிலுக்கு மேலே மாட்ட.
அடுத்தவர் கட்டிலுக்கு மேலே
எது தொங்க வேண்டும் என்று நானா சொல்வது?
என்னுடையதை இறக்கிவிட்டேன்.
ஆணி மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது,
தூசி தட்டும்போதெல்லாம் துணியைப் பிடித்து இழுக்கும்.

தோல் அட்டை போட்ட குடும்ப வேதாகமம்.
உள்ளே தங்கக் கோடிட்ட ஒரு பக்கம்,
பிள்ளைகளின் பெயர் எழுத எட்டு வரி.
டெர்வ்லாவுக்கு நாற்பத்து நான்கு வயது.
சத்தமில்லாமல் மூடினேன்.

கடைசியில் அலமாரியின் அடித்தட்டில்
சிவப்பு அங்கி, கையில் உலகம்:
பிராகா குழந்தை இயேசு.
கல்யாணத்துக்கு முந்தின இரவு வேலியோரம் வைத்தால்
மறுநாள் வெயில் அடிக்கும்.
தலை உடைந்ததென்றால் இன்னும் விசேஷம்.
"உடைத்தே தருவீர்களா?" என்றேன்.
கடைக்காரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.
"நாமாக உடைத்தால் பலிக்காது.
அதுவாக விழ வேண்டும்."

முப்பத்தொரு யூரோ.
மிச்சத்துக்குக் கம்பளிக் காலுறை, ஆறு ஜோடி.
பனிக்கட்டி உருகும் தரையில் எட்டு மணி நேரம் நிற்கிற கால்.
அதையும் பக்தியில் சேர்க்கலாம் என்று பட்டது.
பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன்,
ஸ்லைகோ வரை ஒவ்வொரு வளைவிலும்
விழட்டும் என்று ஒரு மனம்,
கழுத்தைப் பிடித்தபடி ஒரு கை.

என் கல்யாணத்துக்கு யாரும் எதையும் வெளியே வைக்கவில்லை.
அன்றைக்குச் சுள்ளென்று வெயில்.
போட்டோவில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறோம்.

முந்தின இரவு பதினோரு மணி.
கடலிலிருந்து மழை சாய்வாக வந்துகொண்டிருந்தது.
பரிசுக் காகிதத்தை நானே பிரித்து
டெர்வ்லா வீட்டு வேலியருகில் குனிந்தேன்.
போன் வெளிச்சத்தில்
எனக்கு முன்பே வந்த மூன்று குழந்தைகள்.
ஒன்றுக்குத் தலையே இல்லை.
ஒன்றின் கழுத்தில் பசை காய்ந்த கோடு.
மூன்றாவதை யாரோ
சூப்பர்மார்க்கெட் பையால் போர்த்தியிருந்தார்கள்,
பறக்காமலிருக்க ஓரத்தில் ஒரு கல்.

மழையை நிறுத்த வந்த பிள்ளை
மழையில் நனையக் கூடாதாம்.

சிரிப்பு வெடித்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.
மாடியில் விளக்கு எரிந்தது, அணைந்தது.
முட்டியில் சேறு குளிர்ந்து ஏறியும் எழுந்திருக்கவில்லை.
ஏன் என்று கேட்டால் தெரியாது.

பிறகு என்னுடையதை அதன் பக்கத்தில் நெருக்கி வைத்தேன்.
கல்லை நகர்த்தி, பையின் ஓரத்தை இழுத்தேன்.
இரண்டுக்கும் பாதிப் பாதி எட்டியது.